பெயர் சொல்லாத பெண்கள்

   

"இன்றைய தேர்தலைப் புரிந்துகொள்ள உதவுவது செய்தியா, சரித்திரமா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "பேப்பர் படிச்சா போதும், பழங்கதை எதுக்கு?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. தட்டலாம், தப்பில்லை.

எங்க தாத்தா பேரு பழனி. பாட்டி அந்தப் பேரை உச்சரிக்கவே மாட்டாங்க. பஸ்ஸில் ஏறி, "திண்டுக்கல்லுக்கு அங்கிட்டு, முருகன் ஆண்டியா நிக்கிற ஊருக்கு ஒரு டிக்கெட்" என்பாங்க. (சிரிப்பு) கண்டக்டர், "பழனியா ஆத்தா?" என்றால், "நீ சொல்லிட்ட. நான் சொல்லலப்பா!" (பலத்த சிரிப்பு)

நாம் சிரிக்கிறோம். 1951-ல் இந்தக் கூச்சம் ஓட்டையே பறித்தது, ஐயா!

நாட்டின் முதல் பொதுத்தேர்தல். 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், கணிதம் படித்த ஐ.சி.எஸ். அதிகாரி. பட்டியல் எழுதப் போனவர்களிடம் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்துப் பெண்கள் பலர் புருஷன் பேரை அல்ல, தங்கள் சொந்தப் பேரையே சொல்லவில்லை. "இன்னார் சம்சாரம்", "இன்னார் மகள்", அவ்வளவுதான். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சென் ஒத்துக்கொள்ளவில்லை. பேர் இல்லாத பதிவு செல்லாது என்றார். பீகாருக்கு ஒரு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்தார். அப்படியும் கடைசியில், சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேரின் பதிவு அடிபட்டுப் போனது.

சென் கெட்டவரா? இல்லை. பேரே இல்லாமல் பட்டியல் இருந்தால் யார் ஓட்டை யார் போடுவார்? இப்போது கண்டித்தால் அடுத்த முறை பேர் சொல்வார்கள் என்று நினைத்தார். அடுத்த தேர்தலில் பெரும்பாலும் அப்படியே நடந்தது. ஆனால் 1952-ல் போன அந்த ஓட்டு? அது போனது போனதுதானே!

இப்போது 2025-க்கு வாங்க. அதே பீகார். சிறப்புத் தீவிரத் திருத்தம். ஆகஸ்டில் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பேர் இல்லை. டீக்கடையில் ஒருத்தர், "செத்தவங்களையும் ஊர் மாறினவங்களையும் எடுத்தாங்க, சரிதானே" என்கிறார். இன்னொருத்தர், "ஓட்டுக் கொள்ளை" என்கிறார். டீ ஆறிப்போச்சு, சண்டை ஆறல! (கைதட்டல்)

இருவரும் அதிகாரி நல்லவரா கெட்டவரா என்றே பேசுகிறார்கள். 1952-ஐப் படித்தவன் வேறு கேட்பான். நல்ல அதிகாரியின் நியாயமான விதியிலேயே 28 லட்சம் பேர் விடுபட்டார்களே, இந்த 65 லட்சத்தில் யார் யார்? ஏன் எடுத்தார்கள்? திரும்பச் சேர எத்தனை நாள்? உச்ச நீதிமன்றமும் அந்த மாதமே, பெயர்களைக் காரணத்தோடு வெளியிடச் சொன்னது.

நண்பர் படித்த பேப்பரில் 65 லட்சம் என்ற எண் இருந்தது. கேள்வியை எனக்குக் கொடுத்தது பழங்கதை. நடுவர் மணியைத் தொடுகிறார். தீர்ப்பு அவர் கையில்.