தண்ணீரை அளக்கும் உரிமை
(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு – உரை வடிவம்)



பண்டிதர் மறைந்தது 1914 மே 5. அதனால் அவருடைய நினைவுநாள் மே மாதத்தில் வருகிறது. நீலகிரியில் மே என்றால் சீசன். மலர்க் கண்காட்சிக்குத் தண்ணீர் உண்டு. தங்கும் விடுதிகளுக்கு லாரியில் தண்ணீர் உண்டு. எஸ்டேட் லயன்களில் மட்டும் குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்கும்.

இந்த மலையில் தண்ணீரைப் பற்றிப் பேசுவதென்றால் பண்டிதரிடமிருந்தே தொடங்க வேண்டும். அவர் வளர்ந்தது இங்கேதான். 1891 டிசம்பரில் அவர் முன்னின்று நீலகிரியில் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாடு பத்துக் கோரிக்கைகளை வைத்தது. பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தடையில்லாமல் தண்ணீர் எடுக்கும் உரிமை அவற்றில் ஒன்று. பாபாசாகேப் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையிலிருந்து அந்தக் குரல் எழுந்துவிட்டது.

தண்ணீரை எடுக்கும் உரிமையின் தொடர்ச்சியாக இன்று நாம் கேட்க வேண்டியது தண்ணீரை அளக்கும் உரிமை என்பதே என் பேச்சின் சாரம்.

ஆறுகளையும் ஊற்றுகளையும் மக்களே அளந்து பதிவு செய்வதை இப்போது ‘குடிமக்கள் அறிவியல்’ என்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் எந்தக் குடிமக்கள்? பாட்டிலை எந்த இடத்தில் முக்குவது என்று முடிவு செய்பவர் யார்? நோட்டுப் புத்தகம் யார் கையில் இருக்கிறது?

தேயிலைத் தோட்டங்களில் மழையை அளப்பது பழைய வழக்கம். நாள்தோறும் மழைமானியைப் பார்த்து ஆபீஸ் பதிவேட்டில் எழுதுவார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை நாடே அறிந்தது. ஒருவர் அளந்து எழுதியதால்தான் அறிந்தது. தேயிலைச் செடி மேல் விழும் மழைக்குப் பதிவேடு இருக்கிறது. அந்தச் செடியில் கொழுந்து பறிக்கிறவர் குடிக்கும் தண்ணீருக்கு இல்லை.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு எஸ்டேட் லயனில் பிள்ளைகளுக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு. பெண்கள் போய்க் கேட்டபோது, “உங்க ஆளுங்களுக்குச் சுத்தம் தெரியாது” என்று பதில் வந்தது. இந்த வாக்கியம் நமக்குப் புதிதல்ல.

சிறு பாட்டில் சோதனை ஒன்று உண்டு. 1982-இல் குவாலியரைச் சேர்ந்த நம் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய முறை அது. மருந்து தடவிய காகிதம் உள்ள பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீரில் மலக்கிருமி இருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். எட்டுப் பெண்கள் சேர்ந்து நான்கு இடங்களில் தண்ணீர் எடுத்தார்கள்: மேலே ஊற்று, நடுவில் தொட்டி, லயன் குழாய், வீட்டுக் குடம். நம் குளிரில் பாட்டில் கறுக்கத் தாமதமாகும் என்பதால் துணியில் சுற்றி அடுப்படியில் வைத்தார்கள்.

ஊற்றுத் தண்ணீர் கறுக்கவில்லை. தொட்டி கறுத்தது, குழாய் கறுத்தது, குடமும் கறுத்தது. ஆக, கோளாறு ஊற்றுக்கும் தொட்டிக்கும் நடுவில். போய்ப் பார்த்தால் தொட்டிக்கு மூடி இல்லை. கக்கூஸ் குழிக்குக் கீழே விரிசல் விட்ட பைப் ஓடுகிறது.

அழுக்கு மனிதரிடம் இருக்கிறது என்கிறது சாதி. அழுக்கு பைப்பில் இருக்கிறது என்றது பாட்டில். அந்தப் பெண்களுக்குக் கிடைத்த அறிவியல் அதுதான்.

முதலில் வந்த கேள்வி, “யாரைக் கேட்டு டெஸ்ட் பண்ணினீங்க?” மாவட்ட ஆய்வகத்திலும் அதே முடிவு வந்த பிறகு தொட்டிக்கு மூடி போட்டார்கள். பைப்பை இன்னும் மாற்றவில்லை. பெண்கள் நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பிளின்ட் நகரில், 2014 ஏப்ரலில் குடிநீரை ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் கலங்கி வருகிறது என்று மக்கள் புகார் செய்தபோது, குறையில்லை என்றார்கள் அதிகாரிகள். 2015-இல் மக்களே ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வீடு வீடாக 250-க்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்தார்கள். ஈயம் கலந்திருப்பது அம்பலமானது. நம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகு தொட்டி மேல் ஏறி மலத்தைக் கண்டவர்களும் அந்த ஊர் மக்களே.

குன்னூர் ஆற்றுக்கு வருவோம். ஊருக்கு நடுவே ஓடி, மலையிறங்கிப் பவானியில் கலக்கிறது அது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் பட்டியலிட்ட 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளில் பவானியும் உண்டு. குன்னூர் ஆற்றைச் சுத்தம் செய்ய ‘கிளீன் குன்னூர்’ போன்ற குடிமக்கள் அமைப்புகள் உழைத்திருக்கின்றன. மதிக்க வேண்டிய வேலை. ஆனால் ஆற்று அசுத்தம் பற்றிப் பேச்செடுத்தாலே விரல் கரையோரக் குடிசைகளை நோக்கி நீள்கிறது. விரலை நீட்டுவதற்கு முன், லயன் பெண்கள் செய்ததைப் போல மேலிருந்து கீழாக அளந்து வாருங்கள். எந்த ஓடை, எந்தச் சாக்கடை வந்து சேரும் இடத்துக்குக் கீழே தண்ணீர் கெடுகிறது என்பது தெரியும். இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் இறங்குகிறவர் தன்னார்வலர், மற்ற ஆறு நாளும் சாக்கடையில் இறங்குகிறவர் நம் அருந்ததியத் தோழர். சாக்கடை எங்கே அடைக்கும், எங்கே திறக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அவரைக் கேட்காமல் வரையும் ஆற்று வரைபடம் பாதி வரைபடமே.

சட்டம் என்ன சொல்கிறது? 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பிரிவு 8, போதுமான சுத்தமான குடிநீர் தருவது நிர்வாகத்தின் கடமை என்றது. 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டம், ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி என்றது. ஆனால் அது கிராமப்புறத் திட்டம். நீலகிரியில் கிராம ஊராட்சிகளோடு பேரூராட்சிகளும் இருக்கின்றன. பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் லயன், கணக்கில் நகரம். அங்கே அந்த ஐந்து பெண்களும் இல்லை, கிராம சபையும் இல்லை. 2022 விதிகளின்படி பகுதி சபை இருக்கிறது. அதையாவது நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு மூன்று வேண்டுகோள். எங்கே அளப்பது என்பதைத் தண்ணீர் சுமக்கும் பெண்கள் முடிவு செய்யட்டும். பதிவேடு அவர்களிடமே இருக்கட்டும். நீங்கள் ஆய்வேட்டுக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அளக்கும் நாளுக்குக் கூலி கொடுங்கள். ஒரு நாள் கொழுந்துக் கூலியை இழந்து செய்கிற வேலைக்குப் ‘பங்கேற்பு’ என்று பெயர் வைத்து இலவச உழைப்பாக வாங்காதீர்கள்.

பாட்டில் கறுத்தது என்று எழுதினால் மட்டும் பைப் மாறாது. ஆய்வக முடிவோடு அதைச் சபையில் உரக்கப் படிக்க வேண்டும்; பதில் வரும்வரை மறுபடி மறுபடி படிக்க வேண்டும். அளப்பது அறிவியல், படிப்பது அரசியல். இரண்டும் வேண்டும்.

அடுத்த மே மாதம் நாம் கூடும்போது, இந்த மேடையில் நான் பேசுவதற்குப் பதிலாக அந்த லயன் பெண்கள் தங்கள் நோட்டைக் கொண்டுவந்து படிக்க வேண்டும். பண்டிதருக்கு அதுவே பொருத்தமான நினைவஞ்சலி.

ஜெய்பீம்.