கண் மங்கினாலும் கை மறக்காது
(சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பௌதிகப் பட்டதாரி. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் அடுக்களை விஞ்ஞானத்தை எழுபது வயதுக்கு மேல்தான், என் மனைவியிடம் கற்றேன்.

க்ளாக்கோமாவினால் அவளுக்குப் பார்வை போயிற்று. "இனிமேல் அடுப்பங்கரைப் பக்கமே போகாதே" என்றேன். நல்லதற்குத்தான் சொன்னேன். நாளடைவில் அவள் பேச்சே குறைந்துவிட்டது. ஒருநாள், "கண்தானே போச்சு, கையுமா போச்சு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாளே ஆரம்பித்தோம். பாத்திரத்தை வைத்து, கைப்பிடியை உட்புறம் திருப்பிய பிறகே அடுப்பைப் பற்றவைப்பாள். கறிகாயை முதலில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் பலகையில் படிய வைப்பாள், உருளாது. விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொண்டு நறுக்குவாள். கத்திக்கு எப்போதும் ஒரே இடம். ஒருதடவை நான்தான் அதை மாற்றி வைத்தேன். அவள் விரலில் ரத்தம். நம் மும்பை அடுக்களையில் இருவர் நிற்க இடமேது? ஆகவே, "பின்னால் வருகிறேன்" என்று இப்போதெல்லாம் குரல் கொடுக்கிறேன்.

கடுகு வெடிப்பதைக் காது சொல்லும். பருப்பு சிவப்பதை மூக்கு சொல்லும். சமையல் எரிவாயுவில் மெர்காப்டன் சேர்ப்பதே, கசிவை மூக்கு கண்டுபிடிக்கத்தான். அந்த விஷயத்தில் நாம் எல்லோருமே பார்வையற்றவர்கள்!

2012-ல் அமெரிக்க 'மாஸ்டர்செஃப்' போட்டியில் வென்ற கிறிஸ்டீன் ஹாவும் பார்வையற்றவரே.

அகத்துப் பெரியவர்களுக்குப் பார்வை மங்கினால் கரண்டியைப் பிடுங்காதீர்கள். வைத்த பொருளை வைத்த இடத்தில் விடுங்கள், அது போதும்.

இன்று காலை ரசம் அவள் வைத்ததுதான்.