புழுதிக்குப் பின்னால் நட்சத்திரங்கள்
(ஜவ்வாது மலையடிவாரக் கூட்டமொன்றில் பேசியது)



காவலூரில் மரங்களுக்கு மேலே தெரியும் வான ஆராய்ச்சி நிலையத்தின் வெள்ளைக் கோபுரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இராத்திரியெல்லாம் கண்விழித்து என்ன வேலை நடக்கிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? 27 நட்சத்திரத்தைப் பற்றி ஜோசியனுக்குக் காசு கொடுத்துக் கேட்கிறோம். பக்கத்து மலையில் இருப்பவர்களை இனாமாகக்கூடக் கேட்பதில்லை.

பஜனை மடத்து நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். "கடவுள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று மறுக்கிறீர்கள். தூசு மூடிய நட்சத்திர மண்டலங்களும் கண்ணுக்குத் தெரிவதில்லையாம். அதை மாத்திரம் எப்படி ஐயா ஒப்புகிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்விதான்.

1977 மார்ச் 10ந் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கடந்தது. கிரகம் விலகியிருக்கும்போதே அந்த நட்சத்திரம் சற்று மங்கி மீண்டதைக் காவலூர்க் கருவி பதிவு செய்தது. முதலில் ஏதோ உபக்கிரகம் என்றே எண்ணினார்கள். இந்து மகா சமுத்திரத்தின்மேல் விமானத்தில் பறந்து பார்த்த அமெரிக்கர்களின் கணக்கும் சேர்ந்தபோது, அவை வளையங்கள் என்று விளங்கிற்று. 1986ல் வாயேஜர் 2 அருகிலேயே போய்ப் படம் எடுத்தது.

புழுதி மண்டலங்களின் சங்கதியும் இதுவே. நட்சத்திரம் பிறக்கும் இடத்தில் கரியும் மணலும் போன்ற தூசு, புகையினும் சன்னமாக மண்டிக் கிடக்கிறது. அது ஒளியை விழுங்கிச் சூடேறுகிறது. சூடென்றால் அடுப்புச் சூடல்ல. பனிக்கட்டியைவிட 200 டிகிரிக்குமேல் குளிர்ந்ததுதான்! ஆனாலும் அது கண்ணுக்குத் தெரியாத கதிராய் வெளிவருகிறது. நீறுபூத்த நெருப்பைப் பக்கத்தில் கை வைத்து நாம் அறிவதில்லையா?

அந்தக் கதிரை நம் காவலூரில் பிடிக்க முடியாது. காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடும். ஆகவே ஹவாய்த் தீவில், 4,000 மீட்டருக்கு மேலுள்ள சிகரத்தில், 1990களின் கடைசியில் அளந்தார்கள். பிறகு சிலி நாட்டில் 5,000 மீட்டர் உயரத்திலும் அளந்தார்கள். அகப்பட்டவற்றில் பலவற்றின் கதிர் புறப்பட்டு 1,000 கோடி வருஷமாகிறது. நம் பால்வீதியில் வருஷத்துக்கு இரண்டொரு சூரியனுக்கான சரக்கே நட்சத்திரமாகிறது. அவற்றிலோ நூற்றுக்கணக்கான சூரியனுக்கானது.

நண்பரிடம் சொன்னேன்: "அவர்கள் நம்பு என்று சொல்லவில்லை. இந்தத் திசையில் இன்ன கருவியைத் திருப்பு, இவ்வளவு கதிர் வரும், வராவிட்டால் என் பேச்சைத் தள்ளு என்கிறார்கள். உங்கள் சாமிக்கு அப்படியொரு விலாசம் உண்டா?"

அவர் பதில் சொல்லவில்லை. காவலூரில் வெளியாரை என்றைக்கு உள்ளே விடுவார்கள் என்று மாத்திரம் விசாரித்தார்.