தெற்காசியாவுக்கு ஒரு பொதுச் சீட்டு வேண்டும்

(உல்லாஸ்நகரில் நம் சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த உல்லாஸ்நகர், ஒரு சந்தை இரண்டாக உடைந்தபோது பிறந்த ஊர். 1947இல் சிந்து மாகாணத்தை விட்டு வந்த மக்களைக் கல்யாண் இராணுவ முகாமின் கொட்டகைகளில் குடியேற்றினார்கள். 1949 ஆகஸ்ட் 8இல் இந்த நகருக்கு அடிக்கல் நாட்டியவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் இராஜாஜி. பிரிவினைக்கு முன்பு கராச்சிக்கும் பம்பாய்க்கும் ஒரே ரூபாய், ஒரே சந்தை. பிறகு கராச்சிச் சரக்கு துபாயைச் சுற்றி வந்தது. 2025 மே மாதம் அந்தச் சுற்றுவழியும் சட்டப்படி அடைக்கப்பட்டது.

இந்த உடைந்த வீட்டை ஒட்டவைக்கத்தான் 1985 டிசம்பரில் டாக்காவில் சார்க் என்னும் தெற்காசியக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். 2006இல் தடையிலா வணிக ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தது. பலன் என்ன? இந்த நாடுகள் உலகத்தோடு செய்யும் வணிகத்தில், தங்களுக்குள் செய்துகொள்வது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான். கிழக்கே ஆசியான் நாடுகளில் அது இருபதைத் தாண்டுகிறது. சார்க் தலைவர்கள் கடைசியாக மாநாடு கூடியது 2014இல், காட்மாண்டுவில். குற்றம் யாருடையது என்ற வழக்கை நடத்த நான் இங்கே வரவில்லை. வீட்டில் தீப்பிடித்தபோது இந்தக் கூட்டமைப்பு எங்கே இருந்தது என்பதே என் கேள்வி.

தீப்பிடித்த வீடு இலங்கை. 2019 கடைசியில் மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள், கஜானா காலியானது. கொரோனாவில் சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றது. 2021இல் இரசாயன உரத்துக்குத் திடீரென்று தடை போட்டார்கள். நெல் விளைச்சல் விழுந்தது. இலங்கை ரூபாயின் மதிப்பைச் செயற்கையாகப் பிடித்து வைத்திருந்ததால், வளைகுடாவில் உழைத்தவர்கள் வங்கியை விட்டு உண்டியல் வழியே வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். 2022 ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அந்நாடு கைவிரித்தது. அதற்கு முந்தைய மாதமே, கைக்குழந்தையோடு படகேறி வந்தவர்கள் தனுஷ்கோடி மணல்திட்டில் நின்றார்கள். செப்டம்பரில் கொழும்பு விலைவாசி, முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 70 விழுக்காடு ஏறியிருந்தது.

உதவி வராமல் இல்லை. இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாடு 40,000 டன் அரிசி ஒதுக்கியது. முதல் கப்பல் 2022 மே 18இல் சென்னையிலிருந்து கிளம்பியது. வங்கதேசம்கூட அதற்கு முந்தைய ஆண்டில் 20 கோடி டாலர் கைமாற்றுக் கொடுத்திருந்தது. ஆனால் இவை யாவும் ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரருக்குச் செய்த உபகாரம். ஊர்ப் பொதுவில் ஒரு ஏற்பாடு இருந்ததா?

நம் தாய்மார்களுக்கு இது நன்றாக விளங்கும். தாராவியிலும் இங்கேயும் இருபது பேர் சேர்ந்து சீட்டுக் கட்டுகிறீர்கள். ஒருத்தி மகளுக்குப் பிரசவம், ஒருத்தி வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது என்றால், “இந்த மாதம் அவள் எடுத்துக்கொள்ளட்டும்” என்று மற்றவர்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். சீட்டு இல்லாதவள் தாலிச் சங்கிலியோடு அடகுக்கடைப் படியேற வேண்டும். நாடுகளின் அடகுக்கடைக்குப் பன்னாட்டு நாணய நிதியம் என்று பெயர். 2023இல் மட்டும் நம் பக்கத்து நாடுகள் மூன்று அந்தப் படியேறின: வங்கதேசம் 470 கோடி டாலருக்கு, இலங்கை 300 கோடிக்கு, பாகிஸ்தான் 300 கோடிக்கு. மூன்றும் தனித்தனியாகப் போய், தனித்தனி நிபந்தனைகளில் கையெழுத்துப் போட்டன.

கிழக்காசியாவும் ஒருகாலம் இப்படித்தான் இருந்தது. 1997 ஜூலையில் தாய்லாந்தின் நாணயம் சரிந்து, இந்தோனேசியாவும் தென்கொரியாவும் அடுத்தடுத்து விழுந்தன. பட்டவர்கள் பாடம் படித்தார்கள். 2000 மே மாதம் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும் சேர்ந்து ஒரு சீட்டுக்கு வித்திட்டன. இன்று அதன் அளவு 24,000 கோடி டாலர். உள்ளதைச் சொல்லவேண்டும்: இதுவரை யாரும் அதிலிருந்து ஒரு டாலர்கூட எடுத்ததில்லை, பெரும்பங்கை எடுக்க நாணய நிதியத்தின் ஒப்புதலும் தேவை. இருந்தாலும் சீட்டு இருக்கிறது என்பதே ஒரு தெம்பு.

நம் பக்கம்? 2012இல் ரிசர்வ் வங்கி சார்க் நாடுகளுக்காக 200 கோடி டாலர் அளவில் ஒரு நாணயமாற்று ஏற்பாடு வைத்தது. 2022 ஜனவரியில் இலங்கை அதிலிருந்து 40 கோடி பெற்றது. கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

சரி, அடகு வைத்தவன் வட்டியை யார் கட்டினார்? இதைத்தான் நீங்கள் வீட்டுக்குப் போய்ப் பேசவேண்டும். இலங்கையில் மதிப்புக்கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 விழுக்காடானது. 2023இல் உள்நாட்டுக் கடனைத் திருத்தி அமைத்தபோது வங்கிகளிடம் இருந்த ரூபாய்ப் பத்திரங்களைத் தொடவில்லை; வங்கி விழுந்தால் வைப்புப் போட்டவர்கள் தெருவுக்கு வருவார்கள் என்றார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் தொழிலாளர் சேமநல நிதிக்குச் சொன்னது என்ன? வட்டி குறைந்த புதிய பத்திரத்துக்கு மாறு, இல்லாவிட்டால் வருமானத்தில் 14க்குப் பதில் 30 விழுக்காடு வரி! மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நம் இனத்துப் பெண்களின் முதுமைக்காலப் பணமும் அந்த நிதியில்தான் கிடக்கிறது. வரியைக் குறைத்தது அவர்களா? உரத்தைத் தடுத்தது அவர்களா?

இது நமக்குப் புதிய கதையும் அல்ல. 1990இல் குவைத் போர் மூண்டு, ஒரு லட்சத்துக்கும் மேலான நம்மவர்கள் விமானத்தில் திரும்பியபோது அவர்கள் அனுப்பிவந்த பணமும் நின்றது. எண்ணெய் விலையும் ஏறியது. 1991 ஜூலையில் சுமார் 47 டன் தங்கம் பம்பாயிலிருந்துதான் அடகுக்கு விமானம் ஏறியது. அதே மாதம் மூன்று நாளுக்குள் ரூபாயின் மதிப்பை இருமுறை இறக்கினார்கள். பிறகு ‘மானியத்தைக் குறை’ என்ற பேச்சு வளர்ந்து, 1997இல் ரேஷன் கார்டையும் வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தார்கள். மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கும் குடும்பம் ஏழையல்ல என்றானது. பம்பாயில் எந்தக் கூலிக்காரக் குடும்பம் அதற்குக் கீழே பிழைக்க முடியும்?

ஆகவே முதல் வேலை, பொதுச் சீட்டைப் பெரிதாக்குவது. டாலரைத் தேடி அலையாமல் சொந்த நாணயத்தில் கொடுக்கல் வாங்கல் செய்வது இன்னொன்று. ரிசர்வ் வங்கி 2024இல் 25,000 கோடி ரூபாய்க்கு அப்படி ஒரு வாசலைத் திறந்தது. ஆனால் சின்ன நாடுகள் பெரியண்ணனின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பயப்படுகின்றன என்பதையும் தில்லி உணரவேண்டும். சீட்டுப் பிடிப்பவள் அதிகாரம் செய்தால் அடுத்த மாதம் யாரும் பணம் கட்டமாட்டார்கள்.

இப்போது கிளைச் செயலாளர் தீர்மானத்தை வாசிப்பார். தெற்காசியாவில் எந்த அரசு கடனைத் திருத்தி அமைத்தாலும் தொழிலாளர் சேமநல நிதியில் கைவைக்கக் கூடாது என்பது அதன் முதல் வாசகம். கையெழுத்துப் போடுமுன் கேள்வி கேளுங்கள். ஜீன்ஸ் பட்டறைக்கு இரவு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்கட்டும், அவர்களுக்கு நேரமாகிறது.