இதயச் சுவரில் துளை உண்டா?

  

நமக்குள்ளேயே இறைவனின் அத்தாட்சிகள் இருப்பதைத் திருமறை நினைவூட்டுகிறது. மனித உடலின் இயக்கத்தை ஆராய்ந்த அறிஞர் ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன், இதயத்தின் வலது அறையிலுள்ள இரத்தம் நடுச்சுவரின் நுண்துளைகள் வழியே இடது அறைக்குக் கசிவதாக எழுதினார். அந்தத் துளைகளை எவரும் கண்டதில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அதை நம்பியது. மாமேதை இப்னு சீனாவும் தமது 'அல்கானூன்' நூலில் அவ்வழியே சென்றார்.

டமாஸ்கஸில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய இப்னு நஃபீஸ் (ரஹ்), அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு விரிவுரை எழுதினார். 1242ஆம் ஆண்டிலேயே படியெடுக்கப்பட்ட பிரதி ஒன்று இன்றும் உள்ளது. விரிவுரையாளர் மூலநூலாரைத் தாங்கிப் பேசுவதே வழக்கம். இவரோ, நடுச்சுவர் கெட்டியானது, அதில் வெளிப்படையான துளையுமில்லை, மறைவான துளையுமில்லை என்று மறுத்தார். அப்படியானால் இரத்தம் எவ்வழியே செல்கிறது? நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, அதன் பின்னரே இடது அறையை அடைகிறது என்றார்.

இவர் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞருமாவார். ஷரீஅத்தும் தம் உள்ளத்தின் இரக்கமும் உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்தன என்று அவரே எழுதுகிறார். உறுப்புகளின் அமைப்பில் முன்னோரை, பெரிதும் கேலனையே, சார்ந்து நின்றார். அவற்றின் பயன் எதுவென்று கூறும்போது மட்டும், ஆய்வும் அறிவும் காட்டுவதையே ஏற்பேன், அது முன்னோருக்கு இசைந்தாலும் இசையாவிட்டாலும் சரியே என்றார். அவர் உண்மையில் அறுத்துப் பார்த்தாரா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

சகோதரர்களே! நம் மேடைகளில் சிலர், முழு இரத்த ஓட்டத்தையும் இவரே கண்டறிந்தார் என முழங்குகின்றனர். அது மிகை. அவர் விளக்கியது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் இடைப்பட்ட சுற்றையே. உடல் முழுவதும் இரத்தம் சுழல்வதை நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, ஆண்டு 1628. ஹார்விக்குரியதைப் பறித்து இப்னு நஃபீஸுக்குச் சூட்டுவது, உண்மையை இவ்வளவு மதித்த அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

நுரையீரலின் இரு குழாய்களுக்கிடையே நுண்வழிகள் இருக்கவேண்டும் என்றும் அவர் ஊகித்தார். 1661இல் இத்தாலியரான மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் கண்டபோது அத்தகைய மெல்லிய குழாய்கள் தென்பட்டன. இப்னு நஃபீஸோ 1288ஆம் ஆண்டிலேயே, தம் இல்லத்தையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு எழுதி வைத்துவிட்டு மறைந்திருந்தார். அவரது விரிவுரை பெர்லின் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. 1924இல் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர்தாம் அதை ஆராய்ந்து உலகறியச் செய்தார்.