உரித்தெடுக்கும் இறப்பர்ப் பூச்சு

கேகாலை, களுத்துறைப் பகுதிகளில் இறப்பர் மரம் வெட்டும் தொழிலாளர், கத்தியை வைக்குமுன், பழைய வெட்டுவாயில் காய்ந்து கிடக்கும் பாலை நாடாவைப்போல் உரித்தெடுப்பர். பட்டைக்கு ஊறு நேராமல் அது கழன்றுவரும். 1876 ஆம் ஆண்டில் கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த கன்றுகளால் வேரூன்றிய தொழிலில் இஃது அன்றாடக் காட்சி.

மோட்டார் வண்டியின் சக்கர வளையம், முன்புறச் சல்லடை, பெயர்ச்சின்னம் ஆகியவற்றுக்குப் பூசி, வேண்டாதபோது உரித்தெறியும் பூச்சின் குணமும் ஈதே. ஆயினும் இது மரப்பாலன்று. செயற்கை இறப்பரைக் கரைப்பானில் கரைத்துக் குப்பிகளில் அடைத்தது. கரைப்பான் ஆவியாகிப் போக, இறப்பர் மெல்லிய தோலாக நின்றுவிடும். அத்தோல் உலோகத்தைப் பற்றியிருக்குமேயன்றி, அதனோடு ஒன்றாகிவிடுவதில்லை.

சமவெளியில் எளிதாயிருக்கும் இவ்வேலை மலைநாட்டில் நிதானத்தை வேண்டுகிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசு. ஹட்டன் அதனினும் தாழ்வாயினும் மூடுபனிக்குக் குறைவில்லை. கரைப்பான் ஆவியாகும்போது பூசிய பரப்பு மேலும் குளிர்கிறது. ஈரக்காற்று அதன்மேற் பட்டால் நுண்ணிய நீர் படிந்து, பூச்சு வெண்மை பூத்து மங்கும். ஆகவே மழையற்ற நாளில், பனி விலகிய நடுப்பகலே தக்க வேளை.

முதலில் சேறும் எண்ணெயும் போகக் கழுவி, முற்றாக உலர்த்த வேண்டும். துருவின்மேற் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுத் துரு மறைவில் வளரும். ஒரு சாண் தொலைவிலிருந்து, அடியிலுள்ள நிறம் தெரியுமாறு முதற் பூச்சு அமையட்டும். அரைமணி நேரம் காயவிட்டு அடுத்தது. இவ்வாறு நாலைந்து முறை. ஒட்டிய மறைப்புத் தாளை இறுதிப் பூச்சு ஈரமாயிருக்கையிலேயே அகற்றிவிட வேண்டும். காய்ந்தபின் இழுத்தால் விளிம்பு கிழியும்.

சிக்கனம் கருதி இரண்டு முறையோடு நிறுத்துவோர் பின்னர் வருந்துவர். கனமான தோல் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் முழுதாக வரும். மெல்லியது துண்டுதுண்டாகக் கிழிந்து நகத்தைத் தேய்க்கும். அதற்கும் வழியுண்டு. அதன்மேலேயே இன்னும் இரண்டு மூன்று முறை பூசிக் காயவைத்தால், பழையதும் புதியதும் ஒன்றாகி உரிந்துவரும். வெயிலில் சற்றுச் சூடேறிய பின் உரிப்பது இன்னும் எளிது. பெற்றோல் பட்டால் இப்பூச்சு இளகிக் கெடும். சூடேறும் புகைக்குழாய்க்கும், தடையின் உராயும் பரப்புக்கும் இது ஆகாது.

யாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்றுண்டு. குளிர் மிகுந்த ஊரில் கொட்டகையின் கதவைச் சாத்தி, அருகே நெருப்பு மூட்டிக் காயவைக்க எவருக்கும் தோன்றும். கரைப்பானின் ஆவியோ தீப்பற்றக்கூடியது. மூடிய அறையில் மூச்சுக்கும் கேடு. ஒரு பொறி போதும், வண்டியோடு கொட்டகையும் எரிய. குடும்பத்துக்குச் சோறு போடும் வண்டியை அழகுசெய்யப் போய், ஆளையே இழக்க நேரலாம். கதவு திறந்திருக்கட்டும், அடுப்பும் சுருட்டும் தொலைவில் இருக்கட்டும், வெயில் வரும்வரை வேலை காத்திருக்கட்டும். பூச்சு நன்றாக அமையாவிடின் உரித்துவிட்டு மீண்டும் பூசலாம். தீ தொட்டதை அவ்வாறு மீட்க வழியில்லை.