அக்கினிக்கு யார் எல்லை சொல்வது?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு ஜப்பானியச் சித்திரக்கதை. இலக்கிய நிகழ்ச்சியில் சித்திரக்கதைக்கு என்ன இடம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். மன்னார்ப் பக்கத்து இளைஞர்கள் பலர் இன்று கைத்தொலைபேசித் திரையில் விரும்பி வாசிப்பது இத்தகைய கதைகளைத்தான். 'மங்கா' என்பது அவற்றுக்கு ஜப்பானியர் இட்ட பெயர். ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசிக்கிறார்கள். வாசித்த பிறகு தங்களுக்குள் சண்டையும் பிடிக்கிறார்கள். ஒரு கதையைப் பற்றி இரண்டு பேர் கோபத்தோடு வாதாடுகிறார்கள் என்றால், அதைக் காது கொடுத்துக் கேட்பது இலக்கியக்காரனுக்குக் கடமை என்று நான் எண்ணுகிறேன்.

கதையின் பெயர் 'ஃபயர் பஞ்ச்'. 'நெருப்புக் குத்து' என்று தமிழில் சொல்லலாம். எழுதி வரைந்தவர் தாட்சுகி புஜிமோட்டோ. 2016 ஏப்ரல் முதல் 2018 ஜனவரி வரை 'ஷோனென் ஜம்ப் பிளஸ்' என்ற இணையச் சஞ்சிகையில் தொடராக வெளிவந்து, எட்டுத் தொகுதிகளாக நூலுருப் பெற்றது. 'செயின்ஸோ மேன்' என்ற கதையால் பின்னர் உலகப் புகழ் பெற்றவரும் இவரே.

கதை இதுதான். உலகம் பனியில் உறைந்து கிடக்கிறது. பயிர் இல்லை, உணவு இல்லை. சிலருக்கு மட்டும் பிறவியிலேயே அதிசய சக்திகள் உண்டு. அக்னி என்ற பையனுக்கும் அவன் தங்கை லூனாவுக்கும் வெட்டுண்ட உறுப்பு மீண்டும் வளரும். ஊரில் எஞ்சியிருக்கும் முதியவர்களின் பசி தீர்க்க அக்னி தன் கையையே வெட்டக் கொடுக்கிறான். அவ்வூருக்கு வரும் தோமா என்ற படையாள், இவர்கள் மனித இறைச்சி உண்பவர்கள் என்று கண்டு ஊரைக் கொளுத்துகிறான். அவனுடைய நெருப்பு, பற்றியதை முற்றாக எரித்து முடிக்கும்வரை அணையாது. தங்கை இறந்துபோகிறாள். அக்னியின் உடலோ எரிய எரிய வளர்கிறது. ஆகவே அவன் சாகவுமில்லை, நெருப்பு அணையவுமில்லை. எட்டு வருடங்கள் அந்த வேதனையில் கிடந்து, எரிந்தபடியே எழுந்து, தோமாவைத் தேடிப் புறப்படுகிறான்.

இதுவரை நேரான பழிவாங்கற் கதை. இதன் பிறகுதான் வாசகர்கள் பிரிகிறார்கள். தோகாதா என்ற பாத்திரம் கமராவோடு வந்து அக்னியின் பழிவாங்கலைத் திரைப்படமாக எடுக்கத் தொடங்குகிறது. துயரக் காட்சியின் நடுவே கேலி வருகிறது. கேலியின் நடுவே கொலை வருகிறது. கடைசியில் அக்னி தோமாவைக் காண்கிறான். அங்கே இருப்பவன், தான் செய்ததற்கு மனம் வருந்தி, பிள்ளைகள் பலரை வைத்துப் பராமரிக்கும் முதியவன். அக்னி அவனை விட்டுவிட்டுப் போக நினைக்கிறான். முடியவில்லை. தங்கையின் நினைவு வந்து மறிக்கிறது. அவன் மூட்டிய நெருப்பில் தோமாவோடு அந்தப் பிள்ளைகளும் எரிகிறார்கள். கதை அங்கே முடியவும் இல்லை. எரித்தவன், எரிந்தவர்களில் எஞ்சியவர்களோடு வாழவேண்டியதாகிறது.

இதை வாசித்தவர்களோடு பேசிப் பார்த்தேன். ஒரு பிள்ளை சொன்னான்: "சேர், பழிவாங்கிறதைப் பார்க்கத்தான் நான் இதைத் திறந்தனான். கடைசியில பார்த்துக்கொண்டிருந்த என்னையும் குற்றவாளியாக்கிப் போட்டான். எனக்குப் பிடிக்கயில்லை." கூட இருந்த பெண்பிள்ளை விடவில்லை. "அவன் தோமாவை மன்னிச்சிட்டுப் போயிருந்தால் நான் புத்தகத்தை மூடியிருப்பன். மன்னிக்க ஏலாமல் போனதாலதான் உண்மையா இருக்கு" என்றாள். மூன்றாவது ஆள், தொடக்கம் அருமை, கமரா வந்த பிறகு எல்லாம் குழம்பிப்போயிற்று என்றான். பக்கத்திலிருந்த வயதான ஒருவர் கேட்டார்: "நாங்கள் கண்ட எரிவு காணாதா, தம்பி? இன்னும் ஏன் இதுகளை வாசிக்கிறியள்?"

இந்த நாலாவது கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். மன்னாரில் அப்படிக் கேட்க உரிமை உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் இத்தீவின் முஸ்லிம் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. போர்க்காலத்தில் இந்தக் கரைகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் படகேறி இராமேஸ்வரம் போயின. 2007இலும் 2008இலும் பெருநிலப்பக்கத்து மாந்தை, அடம்பன் ஊர்கள் வெறுமையாகின. உலகம் முடிந்த பிறகு மனிதர் எப்படி வாழ்வார்கள் என்பது எங்களுக்குக் கற்பனைக் கதையன்று.

ஜப்பானிலும் இதே கேள்வி எழுந்தது. ஹிரோஷிமா அணுகுண்டுக்குத் தப்பிய கெய்ஜி நகாசாவா 1973இல் தொடங்கிய 'வெறுங்கால் ஜென்' என்ற சித்திரக்கதையில் எரிந்த உடல்களை மறைக்காமல் வரைந்தார். 2012 டிசம்பரில் மாட்சுவே நகரின் கல்வி அதிகாரிகள், அது மிகக் கொடூரமாக இருக்கிறது, பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்றனர். எதிர்ப்புக் கிளம்பியது. 2013 ஆகஸ்டில் அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. பிள்ளைகளைக் காக்க நினைத்தவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் நினைத்தார்கள். ஆனால் நகாசாவா அந்த எரிவைக் கண்டபோது அவருக்கு ஆறு வயது.

இனி நம்மிடம் வருவோம். பழிவாங்கும் பாத்திரம் எரியும் ஊரின் நடுவே நடந்து போவது தமிழ் வாசகருக்குப் புதிதா? நம்முடைய முதற் பெருங்காப்பியத்தின் நடுவிலேயே ஒரு நகரம் எரிகிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்பிலே முத்து. கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கம். அரிப்பு, சிலாவத்துறைப் பக்கத்துக் கடலில் முத்துக் குளித்த கதைகள் கேட்டு வளர்ந்த எமக்கு அந்த முத்து அந்நியமானதன்று. கொற்கைக்கும் எமக்கும் நடுவே இருப்பது ஒரே வளைகுடா.

வஞ்சின மாலையின் இறுதியில் அக்கினித் தேவன் கண்ணகி முன் தோன்றுகிறான். ஜப்பானியக் கதாநாயகனுக்கும் அதே பெயர் என்பதைக் கவனியுங்கள். யார் யார் இங்கே பிழைக்கவேண்டும் என்று அவன் கேட்கிறான். அறவோர், அந்தணர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயவர் பக்கம் செல்லுமாறு அவள் பணிக்கிறாள். உச்சக் கோபத்திலும் நெருப்புக்கு ஓர் எல்லை. புஜிமோட்டோவின் அக்னிக்கு அப்படி எல்லை சொல்வார் எவரும் இல்லை. அவனிடம் எவரும் கேட்பதும் இல்லை.

"பார்த்தீர்களா, எங்கள் கதை உயர்ந்தது" என்று சொல்லி இவ்விடத்தில் நிறுத்திவிடலாம். ஆனால் இளங்கோவடிகள் நம்மை அங்கே நிறுத்த விடவில்லை. உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் வாசித்தவர்களுக்கு அடுத்து நடந்தது தெரியும். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பத்தினியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன். இறந்தவர்கள் ஆயிரவர். அவர்கள் செய்த குற்றம் அவன் தொழிலைச் செய்ததுதான். அதன் பின் நாட்டில் மழை பெய்தது என்றும் அங்கே சொல்லப்படுகிறது. ஒருவன் செய்ததற்கு அவன் இனத்தார் எல்லாரும் பொறுப்பு என்ற கணக்கு, மன்னாரில் வாழும் எந்தச் சமூகத்துக்கும் தெரியாத கணக்கன்று. கண்ணகியின் நெருப்பு குழந்தைகளை விட்டது. அவளைக் குளிர்விக்க வந்த அரசன் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் அழற்படு காதையைக் கேட்டுப் பரவசப்படும் நாம் இந்த ஆயிரம் பேரை ஏன் விரைவாகக் கடந்து போகிறோம்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எரிந்து முடிந்தபின் மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறப்புக் கதை கூறுகிறது. முன்பு பரதன் என்ற பெயரில் இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றனென்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். அவன் மனைவி நீலி இட்ட சாபமே இப்போது பலித்தது என்கிறது. கண்ணகிக்கு முன்னும் ஒரு கண்ணகி இருந்திருக்கிறாள். பழி எங்கே தொடங்கியது என்று தேடினால் கை எட்டாத தூரத்துக்குப் போகிறது.

இந்தக் கதையை ஈழத்து மக்கள் எப்படி வாசித்தார்கள்? அவர்களும் பிரிந்தார்கள். ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. சமணச் செட்டிப்பெண் ஒருத்தியைச் சைவர்கள் தெய்வமாக வழிபடுவதா என்பது அவருடைய கண்டனம். யாழ்ப்பாணத்துக் கண்ணகை அம்மன் கோயில்கள் சில பின்னர் வேறு அம்பாள் பெயர்களைப் பெற்றன. உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை முழுமையாக அச்சிட்டது 1892இல்தான். ஆகவே ஏட்டில் இருந்த காப்பியம் எல்லார் கைக்கும் வருமுன்பே, அதன் நாயகியைப் பற்றிய வழக்கு இங்கே நடந்துவிட்டது.

மறுபுறத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் வைகாசி மாதம் கண்ணகி வழக்குரை பாடுகிறார்கள். அங்கே மதுரை எரிவதோடு கதை முடிவதில்லை. குளிர்த்தி என்று ஒரு சடங்கு உண்டு. வெம்மையடைந்த அம்மனை நீராலும் வேப்பிலையாலும் பாட்டாலும் குளிர்விக்கிறார்கள். முல்லைத்தீவில் நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளையில், மதுரையை எரித்துவிட்டு வந்தவள் பத்தாவதாகத் தங்கிய இடம் இது என்கிறார்கள். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து வந்து அதில் விளக்கு எரிப்பது அங்குள்ள வழக்கம். சிங்கள மக்களும் அவளைப் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள். ஒரே கதையை இரு இனமும் தமக்குரியதென்று கொண்டாடுவது இந்த நாட்டில் அபூர்வம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது அந்த நந்திக்கடல் பக்கத்தில்தான் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆகவே நாவலர் புத்தகத்தை மூடச் சொன்ன வாசகர். வெற்றிவேற் செழியன் இன்னும் எரி என்ற வாசகன். குளிர்த்தி பாடிய ஊரவர், எரிந்தது எரிந்ததுதான், இனி என்ன செய்வது என்று கேட்ட வாசகர்கள். 'ஃபயர் பஞ்ச்'சைப் பற்றிச் சண்டை பிடிக்கும் எங்கள் பிள்ளைகளும் ஏறத்தாழ இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், அந்தச் சித்திரக்கதையில் குறைகள் உண்டு. சில கொடூரங்கள் தேவைக்கு மேல் நீள்கின்றன. பெண்கள் மீதான வன்முறையைக் காட்டும் இடங்களில் ஆசிரியரின் கை தடுமாறுகிறது. பதின்ம வயதுப் பிள்ளைக்கு நான் அதை எடுத்துக் கொடுக்க மாட்டேன். ஆனால் வளர்ந்தவர்கள் வாசிக்கட்டும். காரணம் ஒன்றுதான். பெரும்பாலான பழிவாங்கற் படங்கள் எதிரி விழுந்தவுடன் விளக்கைப் போட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. இந்தக் கதை எதிரியின் வீட்டுக்குள்ளே பிள்ளைகள் இருப்பதைக் காட்டுகிறது. அதன் பிறகு வரும் குழப்பத்தை அழகாக்கித் தரவும் இல்லை. பழி தீர்த்த பின் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்ற பொய்யை அது சொல்லவில்லை. அந்தப் பொய்யை நம்பி எங்கள் மண்ணில் எத்தனை பேர் அழிந்தார்கள் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

"நாங்கள் கண்ட எரிவு காணாதா" என்று கேட்ட பெரியவருக்கு என் பதில் இது. ஐயா, நீங்கள் கண்டீர்கள், பிள்ளைகள் காணவில்லை. காணாத நெருப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது சுலபம். அவர்கள் அதைத் தாளிலே கண்டு மனம் கலங்குகிறார்கள் என்றால் நல்லதுதான். ஆனால் தாளோடு விட்டுவிடக் கூடாது. நீங்கள் கண்டதை நீங்களும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தார் எரித்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இளம் நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்தக் கதையைப் பற்றிச் சண்டை பிடிக்குமுன் மதுரைக் காண்டத்தில் வஞ்சின மாலையையும், வஞ்சிக் காண்டத்தில் நீர்ப்படைக் காதையையும் ஒருமுறை வாசியுங்கள். உரை வைத்துக்கொண்டே வாசிக்கலாம், வெட்கமில்லை. பிறகு உங்கள் வாதத்தில் அந்த ஆயிரம் பொற்கொல்லருக்கும் ஓர் இடம் கொடுங்கள்.